ஏழு பாலிசி இருந்த வீடு

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்குப் பணத்தைப் பற்றித் தனியாகப் படிக்க வேண்டும் என்ற எண்ணமே வராது. வீடு கம்பெனி கொடுத்தது. கரன்ட்டுக்குப் பேருக்கு ஒரு தொகை சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். காய்ச்சல் என்றால் கம்பெனி ஆஸ்பத்திரி. வாசலில் மாமரம், பின்னால் பலாமரம். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, அம்மா வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இன்னொரு குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். முப்பத்தெட்டு வயதுவரை பணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஏடிஎம் நம்பர் ஒன்றுதான்.

எங்கள் வீட்டின் மற்ற பண விஷயங்களைப் பக்கத்து வீட்டு அண்ணன் பார்த்துக்கொண்டார். அவர் மைன்ஸில் வேலை பார்ப்பவர். வேலையில் இருந்துகொண்டு இன்சூரன்ஸ் ஏஜென்சி வைத்துக்கொள்ள முடியாது என்பதால் ஏஜென்சி அவர் மனைவி பேரில் இருந்தது. பேர்தான் அக்காவுடையது. பேச்சு, பேனா, வண்டி எல்லாம் அண்ணனுடையது. ஒவ்வொரு வருடமும் நிறைய பாலிசி பிடித்ததற்காக அக்கா பேர் பொறித்த கேடயம் ஒன்று வீட்டுக்கு வரும். அக்கா அதைத் துடைத்து ஷோகேஸில் வைப்பார்.

எங்களுக்குக் கல்யாணமான வருடம் அண்ணன் ஒரு பாலிசி போட்டுக் கொடுத்தார். மூத்தவள் பிறந்தபோது ஒன்று. சின்னவன் பிறந்தபோது ஒன்று. பிறகு சம்பள உயர்வு வந்த வருடங்களில் ஒவ்வொன்று. "போட்டு வைங்க தம்பி, பின்னால உதவும்" என்பார். என் கணவர் எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்பார்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்தார்கள். பீரோவை நகர்த்த முடியாமல் உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து வராந்தாவில் அடுக்கினேன். அப்போதுதான் பாலிசிகள் எல்லாம் ஒன்றாக என் கையில் வந்தன. எண்ணிப் பார்த்தேன். ஏழு. பெயின்ட் வாசனையில் வீட்டுக்குள் உட்கார முடியாததால் வராந்தாவிலேயே சாப்பிட்டோம். அந்தக் கட்டைப் பார்த்தபடி சும்மா கேட்டேன்.

"என்னங்க, உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா எங்களுக்கு எவ்வளவு வரும்?"

அவர் கையில் சாம்பார் சாதம். "சாப்பிடற நேரத்துல கேக்கற கேள்வியா இது?"

"சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"வரும். நெறைய வரும். ஏழு பாலிசி இருக்குதுல்ல?"

நிறைய என்றால் எவ்வளவு என்று அவருக்கும் தெரியவில்லை. அவர் தூங்கப் போனதும் நானே ஒவ்வொன்றாகப் பிரித்து, எந்த எண் எதைச் சொல்கிறது என்று தேடிக் கூட்டினேன். ஏழும் சேர்ந்து எங்களுக்கு மூன்று வருடச் செலவுக்குக்கூடத் தாங்காது. அவர் இல்லையென்றால் இந்த வீடும் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகு வாடகை, கரன்ட், தண்ணீர், டாக்டர் எல்லாம் ஒரே மாதத்தில் வந்து நிற்கும். சம்பளத்தில் பெரிய பங்கை ஏழு பாலிசிக்கும் கட்டிவிட்டு, நாங்கள் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

எனக்குப் பயம் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கூடவே கொஞ்சம் ரோஷமும் வந்தது. ஒரு டிகிரி வாங்கியிருக்கிறேன், இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாதா என்று.

முதலில் யூடியூபில் தேடினேன். ஒருவர் நிற்காமல் கத்தினார். இன்னொருவர் ஒரே வருடத்தில் கோடீஸ்வரன் ஆகலாம் என்றார். மூன்றாவது ஆள் பொறுமையாகப் பேசினார், ஆனால் கடைசியில் ஏதோ ஒரு கோர்ஸை விற்றார். அந்த வருடம் ஜூலையில் எங்கள் ஊர்ப் புத்தகக் கண்காட்சியில், பிள்ளைகள் டெல்லி அப்பளம் தின்றுகொண்டிருந்த நேரத்தில், பணத்தைப் பற்றித் தமிழில் இருந்த தடித்த புத்தகம் ஒன்றை வாங்கினேன். அதில் வந்த குடும்பங்கள் எல்லாம் சென்னையில் வாடகை கட்டி, கார் லோன் கட்டி, மாதக் கடைசியில் திண்டாடின. படிக்கப் படிக்க நாங்கள் பெரிய பணக்காரர்கள் என்று தோன்றியது. ரிட்டையர்மென்ட் பற்றிய அத்தியாயம் வந்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. சென்னைக்காரன் இன்று கட்டும் வாடகையை நாங்கள் அறுபது வயதில் கட்ட ஆரம்பிப்போம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் புத்தகத்தில் கூட்டு வட்டி வரும் இடங்களில் மட்டும் எனக்குத் தலை சுற்றியது. பள்ளியில் படித்தது நினைவில் இல்லை. மகளின் பழைய எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். மதியம் வேலையெல்லாம் முடிந்த பிறகு ஒரு நோட்டில் ஒவ்வொரு பயிற்சியாகப் போட்டேன். பள்ளிவிட்டு வந்த மகள் பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, பரீட்சை எழுதப் போறியா?" என்றாள்.

ஒரு வாரத்தில் கணக்கு பிடிபட்டுவிட்டது. எங்கள் பாலிசிகளில் பெரியதை எடுத்துக்கொண்டேன். வருடம் இருபத்தி நாலாயிரம், இருபது வருடம் கட்ட வேண்டும். முடிவில் எட்டு லட்சத்துச் சொச்சம் வரும் என்று அண்ணன் எழுதிக் கொடுத்திருந்தார். நாலு லட்சத்து எண்பதாயிரம் கட்டி எட்டு லட்சம் வருகிறதே, நல்லதுதானே என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, எத்தனை சதவீத வட்டி கொடுத்தால் இந்தத் தொகை வரும் என்று போட்டுப் பார்த்தேன். ஏழு சதவீதம் வைத்தால் தொகை எங்கோ போனது. ஆறு வைத்தேன், அதுவும் அதிகம். ஐந்துக்கு வந்ததும் சரியாகப் பொருந்தியது. நம்பிக்கை இல்லாமல் மறுபடி முதலிலிருந்து போட்டேன். அதே ஐந்து. அதே பணத்தைத் தபால் ஆபீஸ் பிபிஎஃப் சேமிப்பில் இன்றைய வட்டிக்குப் போட்டிருந்தால்கூட இரண்டு லட்சத்துக்கு மேல் கூடுதலாக வந்திருக்கும்.

கோபம் வர வேண்டிய இடம் அது. எனக்கு என்னவோ சந்தோஷமாக இருந்தது. அந்த ஐந்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்தேன்.

அந்த உற்சாகத்தில் மியூச்சுவல் ஃபண்ட் கணக்கு ஒன்றைத் தொடங்கினேன். போனில் முகத்தைக் காட்டச் சொன்னது. காட்டினேன். கண்ணைச் சிமிட்டச் சொன்னது. சிமிட்டினேன். சரியாகத் தெரியவில்லை, வெளிச்சத்துக்குப் போ என்றது. பான் கார்டைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து மாமரத்தடியில் நின்று போனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தேன். தெருவில் காய் விற்க வந்த அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னாமா, கண்ணுல தூசியா?" என்று கேட்டார்.

ஆயிரம் ரூபாய் போட்டேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தொள்ளாயிரத்து எண்பத்தாறு. எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினாலு ரூபாய் எங்கே போனது என்று கணவரிடம் புலம்பினேன்.

"நேத்து மெயின் பஜார்ல கொத்தமல்லிக் கட்டுக்கு இருபது ரூபா குடுத்த. அதுக்குப் பொலம்பலியே?"

"அது கொத்தமல்லி. ரசத்துல போட்டேன். இது எதுல போச்சுன்னே தெரியலியே!"

அவர் சிரித்துச் சிரித்து ஷிப்ட் பஸ்ஸைத் தவறவிடப் பார்த்தார். நானும் ஒரு மாதம்வரை காலையும் மாலையும் அந்த ஆப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறினால் பாயசம் வைக்கலாம் போலிருக்கும், இறங்கினால் யார்மீதாவது எரிந்து விழுவேன். ஒருநாள் மகள் என் போனிலிருந்து அந்த ஆப்பை எடுத்துவிட்டாள். பணம் அங்கேயேதான் இருக்கும், நீதான் பார்க்க வேண்டாம் என்றாள். அதன் பிறகுதான், தினமும் எடுத்துப் பார்க்கக் கூடாது என்ற பாடம் எனக்கு ஏறியது.

படிப்பு முடிந்து, செய்ய வேண்டியது தெளிவானது. கணவர் பேரில் ஒரு டேர்ம் பாலிசி எடுக்க வேண்டும். அதில் முடிவில் பணம் எதுவும் திரும்பி வராது. ஆனால் குறைந்த பிரீமியத்தில் பெரிய தொகைக்குப் பாதுகாப்பு. ஏழு பாலிசிகளில் முடியும் தறுவாயில் இருந்த மூன்றை அப்படியே கட்டி முடிப்பது. மற்ற நாலுக்கும் இனி பிரீமியம் கட்டாமல், கட்டியது வரைக்கும் உள்ளதை முடிவில் வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுத்து நிறுத்திவிடுவது. மிச்சமாகும் பணத்தைப் பிபிஎஃப்பிலும் ஃபண்டிலும் போடுவது.

கணக்கைக் கணவருக்குப் போட்டுக் காட்டினேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"அண்ணன் மூஞ்சில எப்படி முழிக்கறது?"

உண்மையில் பெரிய செலவு அதுதான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மதில். ஒரே பேப்பரை இரண்டு வீடும் வாங்கிப் படிப்போம். காலையில் அவர் படித்துவிட்டு மதில் மேல் வைப்பார். சின்னவன் பிறந்த அன்று என் கணவர் டியூட்டியில் மாட்டிக்கொள்ள, என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அண்ணன்தான், வெளியே பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்ததும் அண்ணன்தான். அப்படிப்பட்டவரிடம் போய், உங்கள் பாலிசி வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கணவர் சாக்குச் சொல்லி நழுவினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானே போனேன்.

அண்ணன் வாசலில் உட்கார்ந்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைத்துச் சொல்லி முடிப்பதற்குள் அவர் துணியைக் கீழே வைத்துவிட்டார்.

"யூடியூப்ல எவனாவது சொன்னானா தங்கச்சி?"

"இல்லண்ணே. நானே போட்டுப் பாத்தேன்."

"பாலிசின்னா வட்டி மட்டுமா? சேமிக்கற பழக்கம் வருது. பொண்ணு கல்யாணத்துக்கு ஆவுது. டேர்ம் பாலிசில என்னா வரும்? ஒண்ணும் வராது. அது தண்டம்."

"ஒண்ணும் ஆகாம இருந்தா வராதுதாண்ணே. ஏதாவது ஆனா வர்றதுதானே நமக்கு வேணும்?"

அவர் எழுந்து நின்றார். "கெடுதலா இருந்தா நான் போடுவேனா? எங்க வூட்டுல எத்தன இருக்குது தெரியுமா? பதினஞ்சு! என் சம்பளத்துல பாதி அதுக்குத்தான் போவுது!"

பெருமையாகத்தான் சொன்னார். ஆனால் உள்ளே சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது.

மறுநாள் அண்ணன் டியூட்டிக்குப் போனதும் அக்கா மதிலோரம் வந்து நின்றார். எப்போதும் கறிவேப்பிலை கேட்கத்தான் வருவார். அன்று கையில் ஒரு பெரிய பை இருந்தது.

"தங்கச்சி, உனக்குப் போட்டியே ஒரு கணக்கு. எனக்கும் போட்டுக் காட்டு."

"அண்ணன் கோச்சுக்குவாரே, அக்கா?"

"என் பேருலதான ஏஜென்சி இருக்குது? எனக்கு ஒண்ணும் தெரியாது. வருசா வருசம் கேடயம் குடுக்கறாங்க, போட்டோ எடுக்கறாங்க, சிரிச்சிகினு நிக்கறேன். எதுக்குக் குடுக்கறாங்கன்னு எனக்கே தெரிய வேணாமா?"

காடாம்புலியூரில் முந்திரித் தோப்பு வைத்திருந்த வீட்டில் பிறந்தவர் அக்கா. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அவர் கேட்ட கேள்விகள் எனக்குத் தோன்றவே இல்லை. அஞ்சு சதவீதம் என்கிறாயே, விலைவாசி எவ்வளவு ஏறுகிறது என்று கேட்டார். முந்திரி போன வருடம் என்ன விலை, இந்த வருடம் என்ன விலை என்று அவரே சொல்லிவிட்டு, "அப்ப காசு வளரவே இல்லியே, நின்ன எடத்துல நின்னுகினு இருக்குது" என்றார். புத்தகம் ஒரு அத்தியாயம் முழுக்கச் சொன்ன விஷயம் அது. நாங்கள் இருவரும் ஒரு வாரம் மதிய நேரங்களில் பதினைந்தையும் பிரித்து வைத்துக் கணக்குப் போட்டோம். ஒருத்தி தப்புவிட்டால் இன்னொருத்தி பிடித்தாள். நடுநடுவே டீ, வறுத்த வேர்க்கடலை.

பன்னிரண்டாவது பாலிசியில்தான் அக்காவின் குரல் உயர்ந்தது.

"இந்த எடத்துல என்னா எழுதியிருக்குது, படி."

அண்ணனுக்கு ஏதாவது ஆனால் பணம் யாருக்கு என்று எழுதும் நாமினி இடத்தில் அவருடைய அம்மா பேர் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் போட்ட பாலிசி. பிறகு மாற்றவே இல்லை.

"இருவத்தாறு வருசமா சோறு ஆக்கிப் போடறது நான். நாமினி இன்னமும் மாமியாரா?"

அன்று மாலை அண்ணன் டியூட்டி முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கியது முதல் மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெளிவாகவே கேட்டது. என் கணவர் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பாகச் சிரித்தவரிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன்.

"உங்க பிஎஃப்புல நாமினி யாரு?"

சிரிப்பு நின்றது. அவர் வேலையில் சேர்ந்தது கல்யாணத்துக்கு முன்னால். யோசித்து யோசித்து, "என் கூடப் பொறந்த அக்காவா இருக்கும்னு நினைக்கறேன்" என்றார். மறுநாளே ஆபீஸில் போய் மாற்றிவிட்டு வந்தார்.

அதன் பிறகு ஒரு வாரம் மதில் மேல் பேப்பர் வரவில்லை. அண்ணன் எங்களைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. நமக்கு இரண்டு சதவீதம் கூடுதலாக வந்தால் போதுமா, இப்படி ஒரு மனிதரை இழக்க வேண்டுமா என்றுகூட நினைத்தேன். கணவர், "நீ பண்ணது சரிதான், கொஞ்சம் ஆறட்டும்" என்றார்.

ஆறியது. ஒரு சாயங்காலம் அண்ணன் தோளில் பலாப்பழத்தோடு எங்கள் வாசலுக்கு வந்தார். காடாம்புலியூரில் இருந்த அவர் மாமியார் வீட்டுப் பலா. இறக்கி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன்.

"நான் யாரையும் ஏமாத்தல தங்கச்சி" என்றார். "மீட்டிங்ல என்னா சொன்னாங்களோ அதத்தான் நம்புனேன். அதத்தான் எல்லாருக்கும் சொன்னேன்."

"தெரியும்ணே. ஏமாத்தறவரு தனக்கே பதினஞ்சு போட்டுக்குவாரா?"

ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். என் கணவரும் சேர்ந்துகொண்டார். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா, "எனக்கும் சொல்லிட்டுச் சிரிங்க" என்று குரல் கொடுத்தார். அன்று எண்ணெய் தடவிய கையோடு நாலு பேரும் உட்கார்ந்து சுளை எடுத்தோம். அண்ணன் என் நோட்டை வாங்கி அந்த ஐந்து சதவீதக் கணக்கை வரி வரியாகப் பார்த்தார். ஒரு இடத்தில் நான் போட்டிருந்த கூட்டல் தப்பு என்று கண்டுபிடித்துத் திருத்தியும் கொடுத்தார். விடை மாறவில்லை. ஆனாலும் அவருக்கு அது பெரிய திருப்தி.

எங்கள் நாலு பாலிசிகளையும் நிறுத்த பண்ருட்டி ஆபீஸுக்கு என்னோடு வந்தது அக்காதான். எந்த கவுன்ட்டர், யாரைப் பார்க்க வேண்டும் என்பதை அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். டேர்ம் பாலிசியையும் நான் அக்காவிடமே எடுத்தேன். பேருக்கு மட்டும் ஏஜென்ட்டாக இருந்தவர் தன் கையால் நிரப்பிய முதல் விண்ணப்பம் அது. என் கணவரை எதிரில் உட்காரவைத்து, சிகரெட் உண்டா, சர்க்கரை உண்டா, குடும்பத்தில் யாருக்காவது மாரடைப்பு வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "எதையும் மறைக்கக் கூடாது தம்பி. மறைச்சா பின்னால தங்கச்சிக்குத்தான் கஷ்டம்" என்றார். என் கணவர் மாதத்துக்கு ஒன்றிரண்டு என்று சிகரெட் பிடிப்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். பிரீமியம் ஏறியது. அந்தக் கூடுதல் பிரீமியத்தை அவர் பாக்கெட் மணியிலிருந்து கட்ட வைத்தேன். அதோடு சிகரெட்டும் போனது.

அக்கா இப்போது ஸ்கூட்டர் கற்றுக்கொண்டுவிட்டார். புதிதாகக் கல்யாணமானவர்கள், கான்ட்ராக்ட் வேலையில் இருப்பவர்கள் என்று பிளாக் பிளாக்காகப் போகிறார். முதலில் அவர் கேட்பது, "நாமினி யாரு?" என்பதுதான். முந்திரி விலையை வைத்து விலைவாசியை விளக்குகிறார். பழைய மாதிரி பாலிசி கேட்டு வருகிறவர்களிடமும் ஐந்து சதவீதத்தைச் சொல்லிவிட்டுத்தான் போடுகிறார். கமிஷன் குறைந்துதான் போனது. ஆனால் ஒருவர் சொல்லி ஒருவராக ஆட்கள் வருகிறார்கள். அண்ணன், வீட்டுக்கு வருகிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து, "மேடத்தையே கேளுங்க" என்கிறார்.

சென்ற மாதம் கடலூரில் ஏஜென்ட்டுகள் கூட்டம் நடந்தது. எப்போதும் அக்கா கேடயம் வாங்குவார், அண்ணன் மைக்கில் நாலு வார்த்தை பேசுவார். இந்தமுறை கேடயம் இல்லை. ஆனால் டேர்ம் பாலிசிகளை எப்படி விற்கிறீர்கள் என்று சொல்லும்படி மேடைக்குக் கூப்பிட்டார்கள். பேரைச் சொன்னதும் பழக்கதோஷத்தில் அண்ணன் எழுந்துவிட்டாராம். அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "நீங்க ஒக்காருங்க, என் பேரத்தான சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போயிருக்கிறார். ஹால் முழுக்கச் சிரிப்பு. மைக்கைப் பிடித்ததும் முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசினேன் என்றார். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"என்னா பேசறது? இருவது வருசமா ஏஜென்ட்டு, ரெண்டு வருசமாத்தான் வேல பாக்கறேன்னு சொன்னேன்."

கூட்டம் முடிந்து இருவரும் சில்வர் பீச்சுக்குப் போய், அண்ணன் வாங்கிக் கொடுத்த சுண்டலைத் தின்றுவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்தார்களாம். மறுநாள் காலை மதில் மேல் பேப்பரோடு ஒரு பொட்டலம் வறுத்த முந்திரியும் இருந்தது.